புதிய ஆங்கிலங்களை வளர்த்தவர்கள் யார்? வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலம் கடல் கடந்து குடியேறிய இடங்களில் அது எவ்வாறு புதுப்புது பேச்சு வழக்குகளாகப் பிரிந்தது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

நியூசிலாந்து கிரிக்கெட் வீரர்களின் பேட்டிகளைக் கேட்டால், அவர்களுடைய ஆங்கிலம் இங்கிலாந்து வீரர்களின் ஆங்கிலத்திலிருந்து வெகுவாக விலகி ஒலிக்கிறது. அங்கே குடியேறியவர்கள் பிரிட்டனிலிருந்து போனவர்கள்தாமே? ஒரே மொழியைக் கொண்டுபோனவர்களின் பேச்சு இவ்வளவு விரைவில் எப்படி மாறியது?
— வாசகர், தஞ்சாவூர்

அவர்கள் ஒரே மொழியைக் கொண்டுபோகவில்லை. விடை அங்கேதான் தொடங்குகிறது. 1840இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தான பிறகு நியூசிலாந்தில் பெருந்திரளாகக் குடியேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இங்கிலாந்தின் பல்வேறு மாவட்டங்களிலிருந்தும், கால் பங்குக்குச் சற்றே கூடுதலானோர் ஸ்காட்லாந்திலிருந்தும், ஐந்தில் ஒரு பங்கினர் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள். பிறந்த ஊரில் இருந்தவரை ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டே இராத இவர்கள் ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டார்கள். இவர்களுடைய பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள். புதிய வழக்கின் கதை அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கதை.

அதிர்ஷ்டவசமாக அந்தப் பிள்ளைகளின் குரலே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1946க்கும் 1948க்கும் இடையில் நியூசிலாந்தின் தேசிய ஒலிபரப்பு நிறுவனம் ஒலிப்பதிவுக் கருவிகளை வண்டியில் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பி, முதல் குடியேறிகளின் வாழ்க்கையை முதியவர்கள் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்தது. பேசியவர்களில் பலர் 1850களிலிருந்து 1880கள் வரையிலான காலத்தில் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். பழங்கதைகளைச் சேகரிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட அந்தப் பதிவுகளைக் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோர்டனும் அவருடைய குழுவினரும் பிற்பாடு ஒலி ஒலியாக ஆராய்ந்தார்கள். ஒரு புதிய வழக்கு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர்களின் பேச்சு, இந்த அளவுக்கு வேறு எந்தக் குடியேற்றத்திலும் பாதுகாக்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பதிவுகளில் கேட்பது ஒரு பெருங்கலவை. ஒரே ஊரில் ஒரே காலத்தில் வளர்ந்த இருவர் ஒரே மாதிரி பேசவில்லை. ஒரே மனிதர் ஸ்காட்லாந்து உயிரொலி ஒன்றையும் தென்னிங்கிலாந்து உயிரொலி ஒன்றையும் சேர்த்து, உலகில் வேறெங்கும் காணாத ஒரு சேர்க்கையில் பேசுகிறார். பிரிட்டிஷ் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் இந்தப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு மூன்று கட்டங்களை வகுத்தார். முதலில் பெரியவர்கள், பிறருக்குப் புரியாத தங்கள் ஊர்ச் சொற்களையும் ஒலிகளையும் தாமாகவே சற்றுக் குறைத்துக்கொள்கிறார்கள். அடுத்து, அங்கே பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பின்பற்றுவதற்கு ஒரே ஒரு முன்மாதிரி இல்லாமையால், காதில் விழுந்தவற்றிலிருந்து ஆளுக்கொரு விதமாகப் பொறுக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் காலத்தில் கலவை தெளிந்து, பெரும்பான்மையோரிடம் இருந்த ஒலிகள் நிலைத்து, சிறுபான்மையோரின் ஒலிகள் உதிர்ந்துவிடுகின்றன.

இதற்கு ஹகரம் நல்ல சான்று. லண்டனின் எளிய மக்கள் ‘ஹவுஸ்’ என்பதை ‘அவுஸ்’ என்றே சொல்லிவந்தனர். ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும், இங்கிலாந்திலேயே சில மாவட்டத்தினரும் ஹகரத்தை விடாமல் ஒலித்தனர். பின்னவர்களைக் கூட்டினால் அவர்களே மிகுதி. நியூசிலாந்தில் ஹகரம் நிலைத்தது. ‘ராபிட்’ என்ற சொல்லின் இரண்டாம் அசையை லண்டன்காரர் தெளிவான இகரத்தோடு சொல்ல, மற்றவர்களில் பெரும்பாலோர் தேய்ந்துபோன உயிரொலியோடு ‘ராபட்’ என்பதுபோலச் சொன்னார்கள். அங்கும் லண்டன் தோற்றது. தலைநகரின் பேச்சுதான் குடியேற்ற நாட்டை ஆண்டிருக்கும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். இந்த ஒலியில் அப்படி நிகழவில்லை.

ஆயினும் தலைகளை எண்ணிப் பார்த்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ‘கார்’, ‘ஃபார்ம்’ போன்ற சொற்களின் ரகரத்தை ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் தென்மேற்கு இங்கிலாந்தினரும் அழுத்தி ஒலித்தவர்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். இருந்தும் நாட்டின் பெரும்பகுதியில் அந்த ரகரம் மறைந்தது; ஸ்காட்லாந்தினர் செறிந்து வாழ்ந்த தென்கோடிச் சவுத்லாந்தில்தான் இன்றும் கேட்கிறது. டிரட்கில் வாதிட்டதுபோல இது தவிர்க்க முடியாத கணக்கா, அல்லது மதிப்பும் தன்னடையாளமும் குறுக்கிட்டனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. எனக்கு உறுதியான சான்றாகத் தோன்றுவது ஊர்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒட்டாகோ பகுதியில் 1860களின் தங்க வேட்டையால் தோன்றிய ஆரோடவுனில் எல்லா நாட்டாரும் கலந்து வாழ்ந்தார்கள். அங்கே நியூசிலாந்து உச்சரிப்பு முந்திக்கொண்டு தோன்றியது. அதே பகுதியில் பெரும்பாலும் ஸ்காட்லாந்தினரே வாழ்ந்த மில்டனில் பழைய நாட்டுச் சாயல் நெடுநாள் தங்கியது. கலப்பு எங்கே மிகுதியோ அங்கே புதுமை விரைவாகப் பிறக்கிறது.

நீங்கள் பேட்டிகளில் கவனித்திருக்கக்கூடிய ‘ஃபஷ்’ (மீனைச் சொல்கிறார்கள்), ‘ஸக்ஸ்’ (ஆறு என்ற எண்) ஆகிய உச்சரிப்புகள் அந்த முதல் கலவைக்குப் பிறகு, உள்நாட்டிலேயே வளர்ந்தவை. ஆஸ்திரேலியாவில் அதே உயிரொலி எதிர்த்திசையில் நகர்ந்து ‘ஃபீஷ்’ என்பதற்கு நெருங்கிவிட்டது. அதனால்தான் அயலாரின் காதுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரு நாட்டினரும், ஒருவரையொருவர் அந்த ஒரே சொல்லைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

தட்பவெப்பமும் சோம்பலும்தான் குடியேற்ற நாட்டு உச்சரிப்புக்குக் காரணம் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வார். இதில் உண்மை உண்டா?
— வாசகி, காரைக்குடி

இல்லை. ஆஸ்திரேலியர்கள் வாய்க்குள் ஈ புகுந்துவிடாமல் உதட்டை இறுக்கிப் பேசியதால் அந்த உச்சரிப்பு வந்தது என்றும், காற்றில் மிதக்கும் மகரந்தம் மூக்கை அடைத்ததால் வந்தது என்றும் அங்கேயே கதைகள் உண்டு. நியூசிலாந்தில் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளி ஆய்வாளர்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, இது சோம்பேறித்தனத்தால் சிதைந்த உச்சரிப்பு என்று அறிக்கைகளில் வருந்தி எழுதினார்கள். ஒரு வகையில் அந்த அறிக்கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்; புதிய உச்சரிப்பு எந்தக் காலத்தில் எல்லோர் காதிலும் விழத் தொடங்கியது என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் அவற்றின் தீர்ப்பு தவறு. ஓர் உயிரொலியை வாயின் சற்று முன்பக்கம் ஒலிப்பதற்கும் பின்பக்கம் ஒலிப்பதற்கும் உழைப்பில் வேறுபாடு ஏதும் இல்லை.

உலகிலேயே மிகவும் தனித்திருக்கும் தீவு திரிஸ்தான் டா குன்யா என்று படித்தேன். அங்கே பேசப்படும் ஆங்கிலம் எப்படிப்பட்டது?
— வாசகர், தூத்துக்குடி

தென் அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எரிமலைத் தீவு அது. மக்கள் குடியிருக்கும் அண்டை நிலமான செயின்ட் ஹெலினாவே 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இன்றும் விமான நிலையம் கிடையாது. கப்பல் ஒன்றே வழி. மக்கள்தொகை இருநூற்றைம்பதை ஒட்டியது. புதிய வழக்கு எப்படி உருவாகிறது என்று அறிய விரும்பும் எவருக்கும் இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. ஏனென்றால் யார், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது ஏறக்குறைய ஆள் ஆளாகத் தெரியும்.

செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க இத்தீவு பயன்பட்டுவிடக்கூடாது என்று 1816இல் பிரிட்டன் அங்கே ஒரு காவற்படையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு படை திரும்பியபோது, ஸ்காட்லாந்தின் கெல்சோ ஊரைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்னும் படைவீரர், கேப் குடியேற்றத்தைச் சேர்ந்த தம் மனைவியோடும் பிள்ளைகளோடும் அங்கேயே தங்கிவிட்டார். தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் ஊர்க் கல்தச்சர்கள் இருவரும் உடன் இருந்தனர். பிறகு கப்பல் கவிழ்ந்து கரையேறிய மாலுமிகளும், வேலை வெறுத்து இறங்கியவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர். மணமாகாத ஆண்கள் பெருகியதால், 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து சில பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். 1836இல் ஹாலந்துக்காரரான பீட்டர் கிரீன் வந்தார். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து ரோஜர்ஸ், ஹேகன் ஆகியோர். 1892இல் இத்தாலியின் கமோலி துறைமுகத்து மாலுமிகளான லவரெல்லோ, ரெபெட்டோ. கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், லவரெல்லோ, ரெபெட்டோ என்னும் ஏழு குடும்பப் பெயர்களுக்குள் தீவு முழுவதும் நெடுங்காலம் அடங்கியது.

இந்த வரலாற்றில் எளிதில் கவனிக்காமல் விடப்படுபவர்கள் செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்த பெண்கள். குடும்பப் பெயர்கள் ஆண்களுடையவை. ஆவணங்களும் ஆண்களைப் பற்றியவை. பிள்ளைகளோ தாய்மாரின் மடியில் பேசக் கற்றார்கள். செயின்ட் ஹெலினா, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பல நாட்டு மக்களும் ஆங்கிலேயரும் கலந்து வாழ்ந்த தீவு. அதன் ஆங்கிலம் அப்போதே கிரியோல் மொழிகளின் (பல மொழியினர் கலந்த இடத்தில் பிறந்து, தாய்மொழியாகிவிட்ட கலப்பு மொழிகள்) இயல்புகள் சிலவற்றைக் கொண்டிருந்தது. திரிஸ்தான் வழக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேனியல் ஷ்ரையர், சொல்லிறுதியில் அடுத்தடுத்து வரும் மெய்களில் ஒன்றை மிகுதியாக உதிர்ப்பது போன்ற இயல்புகளை அந்தப் பெண்களின் பேச்சோடு தொடர்புபடுத்துகிறார். இது மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

மேலே நியூசிலாந்தின் ஹகரத்தைப் பற்றிச் சொன்னேன். திரிஸ்தானில் அதே ஒலி வேறு பாதையில் போயிற்று. உயிரொலியில் தொடங்கும் சொற்களுக்கு முன்னும் தீவினர் ஹகரத்தைச் சேர்த்தார்கள்: ‘ஆப்பிள்’ அங்கே ‘ஹாப்பிள்’, ‘ஐலண்ட்’ அங்கே ‘ஹைலண்ட்’. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எளிய மக்களிடம் பரவலாக இருந்து, பிறகு அங்கே ஏறத்தாழ அற்றுப்போன பழக்கம் இது. முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்ல ‘யூஸ்டு டு கோ’ என்று பிற ஆங்கிலேயர் கூறுமிடத்தில், திரிஸ்தான் மக்கள் ‘யூஸ்டா வென்ட்’ என்று வினையையும் இறந்தகாலத்தில் வைக்கிறார்கள். இது எந்த ஊரிலிருந்தும் கப்பலேறி வந்ததாகத் தெரியவில்லை, தீவிலேயே முளைத்தது. ஒருபுறம் வந்தவர்கள் கொண்டுவந்தது, மறுபுறம் கலப்பில் உதிர்ந்தது, இன்னொருபுறம் பிறந்த மண்ணில் புதிதாகத் தோன்றியது என்று மூன்றும் சேர்ந்தே ஒரு வழக்கு ஆகிறது.

1885இல் கப்பலொன்றை நாடிப் படகில் சென்ற பதினைந்து ஆண்கள் கடலில் மாண்டார்கள். வயதுவந்த ஆண்களில் பெரும்பகுதியினரை ஒரே நாளில் இழந்த சிறு சமூகத்தில், எஞ்சியிருந்த தாய்மாரின் பேச்சுக்கு மேலும் கனம் கூடியிருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. 1961 அக்டோபரில் எரிமலை வெடித்தபோது மக்கள் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட் முகாமில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கேதான் அவர்களுடைய பேச்சை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் ஒலிநாடாவில் பதிந்தனர். நவீன வசதிகளைக் கண்ட பிறகும், 1963இல் பெரும்பாலோர் தீவுக்கே திரும்பினார்கள். அவர்களுடைய ஆங்கிலமும் பிழைத்தது.

பிட்கெய்ன் தீவில் பேசப்படுவதும் ஆங்கிலத்தின் ஒரு வழக்குதானா, அல்லது தனி மொழியா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பலரும் அதைத் தனி மொழியாகவே கொள்கிறார்கள். நானும் அப்படியே கொள்வேன். திரிஸ்தானில் கூடியவர்களில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஓர் ஆங்கிலம் தெரிந்திருந்தது. பிட்கெய்னில் அப்படி இல்லை. 1789இல் ‘பவுன்ட்டி’ கப்பலில் கலகம் செய்த மாலுமிகளில் ஒன்பது பேர், பாலினீசிய ஆண்கள் ஆறு பேரையும் பெண்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு, 1790 ஜனவரியில் தென் பசிபிக் கடலில் ஆளில்லாத அத்தீவில் இறங்கிக் கப்பலை எரித்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் தஹீத்தி மொழி பேசியவர்கள்; தாங்கள் விரும்பியே வந்தார்கள் என்றும் எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியாது. கொலைகளும் நோயும் மாலுமிகளை அழித்தன. 1808இல் ‘டோபாஸ்’ என்னும் அமெரிக்கக் கப்பல் அத்தீவைக் கண்டபோது, ஆண்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவரே உயிரோடு இருந்தார். அவரைச் சுற்றிப் பெண்களும் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும்.

அந்தப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது இரு மொழிகளையும். மீன், செடிகொடி, சமையல், வீட்டு வேலை சார்ந்த சொற்களில் தஹீத்தி மொழியின் பங்கு பெரிது. ஏனெனில் அவற்றைக் கற்றுத் தந்தவர்கள் தாய்மார். மாலுமிகளிலும் ஒரே பேச்சு இல்லை: மெக்காய் ஸ்காட்லாந்துக்காரர், கரீபியனின் செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்த எட்வர்ட் யங்கின் கிரியோல் சாயல் இன்றும் பிட்கெய்ன் இலக்கணத்தில் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளார்கள். 1856இல் 190க்கும் மேற்பட்ட தீவினர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிலர் பிற்பாடு திரும்பினார்கள். அதனால் அம்மொழி இரு கிளைகளாக வாழ்கிறது. நார்ஃபோக்கில் நெடுங்காலம் பள்ளிகளில் அதைப் பேசக்கூடாது என்று தடுத்துவந்தார்கள். 2004இல் அத்தீவின் சட்டமன்றம் அதற்கு ஆங்கிலத்தோடு சேர்ந்த ஆட்சிமொழித் தகுதியை அளித்தது.

அமெரிக்காவின் சில தீவுகளில் இன்றும் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் அப்படியே பேசப்படுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
— வாசகி, கோயம்புத்தூர்

வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை இது. ‘ஹை டைட்’ என்பதை ‘ஹொய் டொய்ட்’ என்று சொல்லும் அவர்களுடைய உயிரொலிதான் அந்த எண்ணத்துக்கு வித்து. அங்கே பழைய கூறுகள் பல தங்கியிருப்பது உண்மை. ஆனால் எந்தப் பேச்சும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அயலார் தொடர்பு அறுந்தால், அது தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கும், அவ்வளவே. வால்ட் வுல்ஃப்ரம் என்னும் மொழியியலாளர் அத்தீவில் பழங்காலச் சொற்கள் புதுப்பொருளில் வழங்குவதையும், தொலைக்காட்சி வந்த பிறகு உருவான சொல்லொன்று வெளியூராரைக் குறிக்க வழங்குவதையும் ஒருசேரப் பதிவு செய்திருக்கிறார்.

வியப்புக்குரியது வேறொன்று. ஓக்ரகோக்கில் சுற்றுலா பெருகி, வெளியார் குடியேறி, இளையோரின் பேச்சில் பழைய வழக்கு தேய்கிறது. செசபீக் விரிகுடாவில் உள்ள ஸ்மித் தீவிலோ கடலரிப்பாலும் நண்டு, சிப்பித் தொழிலின் நலிவாலும் மக்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எஞ்சியிருப்பவர்களிடம், அதிலும் இளையோரிடம், தீவு வழக்கின் தனிக்கூறுகள் முன்பைவிடக் கூர்மையாக ஒலிக்கின்றன என்று நடாலி ஷில்லிங்-எஸ்டெஸ் ஆராய்ந்து காட்டினார். பேசுவோர் குறையக் குறைய வழக்கு வலுவிழக்கும் என்ற பொதுவிதி அங்கே பொய்த்துப்போகிறது. போகாமல் தங்குபவர்கள் தங்களைத் தீவினர் என்று பேச்சிலும் நிலைநாட்டுகிறார்கள் என்றே இதை விளங்கிக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் தொடக்கத்தில் தன்னடையாளத்துக்கு இடமிருந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஸ்மித் தீவில் அதற்கு இடமுண்டு என்பதை மறுப்பது கடினம்.

தென்னாப்பிரிக்காவில் உள்ள எங்கள் உறவினர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் ஏதோ நம் பேச்சுப் போலவே இருக்கிறது. இது எங்கள் கற்பனையா?
— வாசகி, நாகப்பட்டினம்

கற்பனை இல்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் தமிழும் தெலுங்கும் பேசினார்கள். கல்கத்தா வழியாகப் போனவர்கள் போஜ்புரியும் அதை ஒத்த வழக்குகளும் பேசினார்கள். ஒரே தோட்டத்தில் வேலை செய்த இவர்களுக்குள் பொதுமொழி இல்லை. ஜூலு மொழியை அடிப்படையாகக் கொண்ட ஃபனகலோ என்னும் கலவைப் பேச்சு வேலைத்தளத்துக்கு உதவியது. பிற்பாடு ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்தது.

இங்கேயும் பிள்ளைகளையே பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போன மூத்த பிள்ளைகள் ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இளையவர்கள் அவர்களிடமிருந்து கற்றார்கள். பாட்டியோடு தமிழில் பேசியவர்கள் தம்பி தங்கையரோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். 1960, 70களுக்குள் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலமே தாய்மொழியாகிவிட்டது. பள்ளியில் அவர்களுக்குக் கற்பித்தவர்களில் மிகப் பலரும் இந்தியர்களே. ஆகவே வெள்ளையரின் ஆங்கிலம் புத்தகத்தில் இருந்ததே தவிர, காதில் அதிகம் விழவில்லை.

ஏன் விழவில்லை என்றால், சட்டம் அதைத் தடுத்தது. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், இன்ன இனத்தவர் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. டர்பனின் இந்தியர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வொர்த் போன்ற தனி நகர்ப்பகுதிகளில் அடைக்கப்பட்டார்கள். 1961இல் இந்தியருக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரியும் வைத்தார்கள். திரிஸ்தானைக் கடல் சூழ்ந்திருந்தது. சாட்ஸ்வொர்த்தைச் சட்டம் சூழ்ந்திருந்தது. பல லட்சம் மக்கள் வாழும் பெருநகரத்தின் நடுவிலும் ஒரு வழக்கு தனித்து வளர முடிந்தது அந்தக் கொடுமையால்தான். அதைச் சொல்லாமல் இந்த ஆங்கிலத்தின் அழகை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

இந்த வழக்கை ஆராய்ந்து நூல் எழுதிய ரஜேந்த் மேஸ்த்ரி அச்சமூகத்திலேயே பிறந்தவர். அவர் தரும் சான்றுகளைப் படிக்கும் தமிழருக்கு விளக்கமே வேண்டியதில்லை. ‘ஐ மேட் ரைஸ் டூ, ஐ மேட் ரொட்டி டூ’ என்றால் ‘சோறும் செய்தேன், ரொட்டியும் செய்தேன்’. நம் ‘உம்’ விகுதி அந்த ‘டூ’வில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘ஸ்மால் ஸ்மால்’ என்று அடுக்கிச் சொல்வதும், ‘ஆனால்’ என்னும் பொருள்தரும் ‘பட்’டை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதும், யார் யார் என்பதற்கு ‘ஹூ ஆல்’ என்பதும் அவ்வழக்கின் இயல்புகள். இவற்றில் சில பிற இடங்களின் ஆங்கிலத்திலும் உண்டு என்பதால் எல்லாவற்றையும் தமிழுக்கே உரிமையாக்கிவிட முடியாது, போஜ்புரிக்கும் பங்குண்டு. ஆயினும் தமிழை இழந்த நாவில் தமிழின் தொடரமைப்பு தங்கியிருக்கிறது என்று நீங்கள் உணர்ந்தது சரியே. 1990களில் பள்ளிகள் எல்லா இனத்தாருக்கும் திறந்த பிறகு வளர்ந்த இளையோரின் உச்சரிப்பு மாறி வருகிறது. உங்கள் உறவினர்களின் பேரப்பிள்ளைகளிடம் பேசிப்பார்த்தால் அந்த வேறுபாட்டைக் காதாலேயே அறிவீர்கள்.

ஆங்கிலேயர் ஆளாத தீவில் ஆங்கிலம் இப்படி வேரூன்றியது உண்டா?
— வாசகர், மதுரை

உண்டு. இன்று ஜப்பானுக்குரிய ஓகசாவாரா தீவுகளில் 1830இல் ஹவாயிலிருந்து புறப்பட்ட சிறு கூட்டம் ஒன்று குடியேறியது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த நதானியல் சேவரியும் ஐரோப்பியர் சிலரும் பசிபிக் தீவுகளின் மக்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்குள் ஆங்கிலமே பொதுப்பேச்சாயிற்று. 1870களில் ஜப்பான் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதும் பள்ளி ஜப்பானிய மொழிக்கு மாறியது. போருக்குப் பின் 1968 வரை அமெரிக்கக் கடற்படை ஆண்டபோது மீண்டும் ஆங்கிலம். இப்படி இரு பக்கமும் இழுக்கப்பட்ட அத்தலைமுறையினர், ஜப்பானிய வாக்கியத்துக்குள் ‘நான்’ என்பதற்கு ஆங்கில ‘மீ’யை வைத்துப் பேசும் ஒரு கலவை வழக்கை வளர்த்துக்கொண்டார்கள். டேனியல் லாங் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு புதிய வழக்கு உருவாக எவ்வளவு காலம் ஆகும்? நம் காலத்திலும் இது நடக்குமா?
— வாசகர், திருச்சி

நியூசிலாந்துப் பதிவுகளைக் கொண்டு பார்த்தால் இரண்டு தலைமுறை. ஆனால் சில இடங்களில் அதைவிட விரைவாகவே நடந்திருக்கிறது. லண்டனுக்கு வடமேற்கே, 1967இல் திட்டமிட்டுத் தொடங்கப்பட்ட மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரத்துக்குப் பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் ஆகியோர் அங்கே நான்கு, எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டார்கள். நான்கு வயதினர் பெரும்பாலும் பெற்றோரைப் போலப் பேசினார்கள். எட்டு வயதுக்குள் அந்தச் சாயல் விலகத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வயதினர் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். ஸ்காட்லாந்துத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் லண்டன் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் பள்ளி முற்றத்தில் ஒரே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, யாரும் கூடி முடிவெடுத்ததும் இல்லை.

பெரியவர்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அண்டார்டிகாவில் உள்ள பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒன்றாக அடைபட்டிருந்த பதினொருவரின் உச்சரிப்பை ஜொனதன் ஹாரிங்டனும் அவருடைய குழுவினரும் சில வார இடைவெளிகளில் பதிந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில உயிரொலிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நெருங்கியிருந்தன. ‘ஃப்ளோ’, ‘கோட்’ போன்ற சொற்களில் வரும் உயிரொலி வாயின் முன்பக்கமாக நகரத் தொடங்கியிருந்தது. காதுக்கு எட்டாத, கருவியால் மட்டுமே அளக்கத்தக்க மிகச் சிறிய நகர்வுகள் அவை. குளிர்காலம் முடிந்ததும் அக்குழு கலைந்துவிட்டது. அந்தச் சிறு நகர்வைக் கேட்டு வளர்ந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக அந்த நிலையத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆகவே அண்டார்டிகா ஆங்கிலம் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை.